ஒரு சக்கரம் சுற்ற, மற்றது ஏன் சும்மா நிற்கிறது?

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவரிடம் பழைய டொல்பின் வான் ஒன்று இருக்கிறது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, தண்ணீர்த் தாங்கி, சின்னதாக ஓர் அடுப்பு என்று வைத்து, காடு கடற்கரை எங்கும் போகிற வண்டியாக வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொண்டிருக்கிறார். கையில் காசு குறைவு. பாதி வேலையில் குச்சவெளிப் பக்கம் மணலில் இறக்கிப் பார்த்திருக்கிறார், புதைந்துவிட்டது. "இடது பின் சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றியது அண்ணா, வலது சக்கரம் அசையவே இல்லை. டிஃப் பழுதா? உள்ளுக்குள் வெல்டிங் அடித்துப் பூட்டிவிடச் சொல்கிறார்கள், செய்யலாமா?"

டிஃப், அதாவது பின் அச்சின் நடுவில் எஞ்சினின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃப்ரன்ஷல், பழுதில்லை தம்பி. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, பிரச்சினையே அதுதான்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று யாரும் சொல்லவேண்டாம். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைச் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய இரும்புக்குக்கூட என்ன விலை சொன்னார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வானை வைத்துக்கொண்டே பேசுவோம்.

முதலில், டிஃப்ரன்ஷல் எதற்கு? மடத்தடிச் சந்தியில் வானை வலப்பக்கம் திருப்புகிறீர்கள். வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, உட்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது. இரண்டுக்கும் நடுவே 1.4 மீட்டர் இடைவெளி என்று வைத்தால், அந்தக் கால் வட்டத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 2.2 மீட்டர் கூடுதலாக ஓடவேண்டும். திருப்பம் இறுக்கமானதா அகலமானதா என்பது கணக்கிலேயே வராது, எப்படித் திருப்பினாலும் அதே 2.2 மீட்டர்தான். இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டியிருந்தால் அந்த 2.2 மீட்டரையும் ஏதோ ஒரு டயர் தாரில் தேய்ந்துதான் கடக்கவேண்டும். மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, இழுப்பது மாடு, சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன. ரயிலுக்கும் இல்லை, அதன் சக்கர விளிம்பு லேசாகக் கூம்பு வடிவில் இருப்பதால் வளைவில் தானே சரிக்கட்டிக்கொள்கிறது, அது தனிக்கதை. இயந்திரம் சக்கரத்தையே சுற்றவேண்டும், ஆனால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் போகவும் விடவேண்டும் என்றால்தான் சிக்கல். 1820களின் கடைசியில் நீராவி வண்டிக்காக இதற்கு வழி கண்டு உரிமம் எடுத்தவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் மணிக்கூடு செய்கிறவர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனி நான் ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். டிஃபைத் திறந்தால் கிரவுன் என்கிற பெரிய பற்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு கூடு தெரியும். அந்தக் கூட்டுக்குள் குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் சின்னப் பற்சக்கரங்கள். அவற்றின் பற்கள் இடப்பக்கம் ஒரு பற்சக்கரத்தையும் வலப்பக்கம் ஒரு பற்சக்கரத்தையும் கடிக்கின்றன. அந்த இரண்டிலிருந்துதான் இரு பின் சக்கரங்களுக்கும் தண்டு போகிறது. அவ்வளவுதான் சாமான். அந்தச் சின்னச் சக்கரத்தைச் சக்கரமாகப் பார்க்காதீர்கள், நுகத்தடியாகப் பாருங்கள். நுகத்தின் நடுவில் ஏர்க்கால், இரண்டு முனையிலும் இரண்டு மாடு. இங்கே திசை மட்டும் தலைகீழ்: நடுவைக் கூடு தள்ளுகிறது, இரு முனைகளும் இடத்தையும் வலத்தையும் தள்ளுகின்றன. இரண்டு கையும் ஒரே நீளம், ஆகவே இரண்டு முனையிலும் விசை எப்போதும் சமம். நேர் வீதியில் நுகம் திரும்பாமல் அப்படியே போகிறது, திருப்பத்தில் ஒரு முனை முந்த மறுமுனை பிந்த நுகம் சாய்கிறது. சாயச் சாய அடுத்த பல், அதற்கடுத்த பல் என்று வந்துகொண்டே இருப்பதால் அது முடிவில்லாமல் சாயக்கூடிய நுகம். இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாள் எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

இப்போது குச்சவெளி மணலுக்குப் போவோம். இடது சக்கரத்துக்குக் கீழே பொலபொலவென்ற மணல், 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கு மேல் அது எதிர்த்து நிற்காது என்று வையுங்கள். ஒரு முனையில் எதிர்ப்பு 100 என்றால் மறுமுனையிலும் 100தான் தள்ளமுடியும். ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்ற மாட்டை எவ்வளவு அடித்தும் என்ன பயன், நுகம் கோணுமே தவிர வண்டி நகராது. வலது சக்கரம் நல்ல இறுக்கமான தரையில் நின்றாலும் அதற்கும் அதே 100தான் கிடைக்கும். வண்டியை அசைக்க மொத்தம் 600 வேண்டுமென்றால் கிடைப்பது 200. எஞ்சின் எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. வேகத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு சக்கரத்தின் சுற்றுக்களையும் கூட்டினால் எப்போதும் கிரவுனின் சுற்றைப்போல் இரண்டு மடங்கு. ஒன்று நின்றுவிட்டால் மற்றது இரட்டை வேகம். மீட்டர் 20 காட்டியபோது தம்பியின் இடது சக்கரம் 40இல் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

சரி, "கை பிரேக்கை இரண்டு கிளிக் இழுத்துக்கொண்டு எடு, வரும்" என்று ஒருவர் சொல்வாரே, அதற்கு வருகிறேன். நானும் நம்பியவன்தான். உப்புவெளியில் ஒருநாள் அப்படி இழுத்து இழுத்தே பின் டிரம்மில் புகை வந்தது, கடைசியில் கரைவலை வாடிக்குப் போன உழவு இயந்திரம்தான் இழுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சுற்றுகிற சக்கரத்தில் பிரேக் 200 பிடித்தால், மணலின் 100ஐயும் சேர்த்து அந்த முனையில் எதிர்ப்பு 300. மறுமுனைக்கும் 300 கிடைக்கும், அருமை! ஆனால் கை பிரேக்கின் கம்பி வலது சக்கரத்தையும் அதே அளவு பிடித்திருக்கிறதே. அந்த 300இல் 200ஐ அது தின்றுவிடும், மிச்சம் பழைய 100. ஒரு சதமும் இலாபமில்லை. சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிடிக்கமுடிந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். இன்றைய வண்டிகளில் கணினி ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பார்த்துச் செய்வது இதையேதான். தம்பலகாமத்து வயல்காரருக்கு இது புதிதில்லை. நாலு சக்கர உழவு இயந்திரத்தில் இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு பிரேக் மிதி இருக்கும், சேற்றில் ஒரு பக்கம் சுற்றினால் அந்தப் பக்கத்தை மட்டும் மிதிப்பார்கள். அதுவும் போதாவிட்டால் குதிக்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிதி, அதை அமுக்கினால் நுகம் சாயாமல் பூட்டிக்கொள்ளும். வயல் தாண்டியதும் விட்டுவிடுவார்கள்.

வெல்டிங் அடிப்பதில் அந்த விட்டுவிடுகிற வசதிதான் இல்லை. மணலில் பிரமாதமாகப் போகும், மறுநாள் கந்தளாய் வீதியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த 2.2 மீட்டர் டயரையும் தண்டையும் முறுக்கும், மழையில் பின்பக்கம் தானாக வழுக்கும். செய்யாதீர்கள். உங்கள் வானின் அச்சுக்குச் சரியாகப் பொருந்துகிற லிமிடெட் ஸ்லிப் டிஃப் பழையதாக அகப்பட்டால் வாங்கலாம். அதில் இரு பக்கத்துக்கும் இடையே உராய்வுத் தட்டுகள் இருப்பதால் நுகம் அவ்வளவு சுலபமாகச் சாயாது.

அதற்கு முன்னால் சல்லிக்காசு செலவில்லாத ஒன்று இருக்கிறது: காற்றை இறக்குங்கள். நுகத்தின் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பலவீனமான முனை, ஆகவே அந்த முனையின் 100ஐக் கூட்டுவதுதான் கெட்டித்தனம். சாமானோடு வான் 2000 கிலோ என்றால் சக்கரத்துக்கு 500 கிலோ. 40 பிஎஸ்ஐ காற்றில் டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறத்தாழ 180 சதுர சென்டிமீட்டர், ஒரு கையகலம். 18க்கு இறக்கினால் 400ஐ நெருங்கும். டயரின் சொந்த விறைப்பால் இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் கூடும், டயர் ஒரு சின்னச் சங்கிலிப் பட்டை மாதிரி மணலில் படுத்துக்கொண்டு போகும். குழி ஆழமாகாது, தன் குழியிலிருந்தே ஏறவேண்டிய வேலையும் குறையும். 15க்குக் கீழே போனால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடலாம். தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கச்சுவர் வளைந்து வளைந்தே சூடாகி வெடிக்கும்.

புதைந்த வானுக்குக் கண்ணூறு என்று மிளகாயும் எலுமிச்சங்காயும் கட்டித் தொங்கவிட்டதாகவும் தம்பி எழுதியிருந்தார். கட்டுங்கள், அம்மாவின் மனதுக்கு ஆறுதல். புது வண்டிக்குச் சக்கரத்தின் கீழ் வைக்கிற எலுமிச்சங்காயை மட்டும் அடுத்த முறை கொஞ்சம் குனிந்து பாருங்கள், மேலே சொன்ன கையகலம் என்ன என்று அது காட்டித்தரும். எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறோர் இடத்தில். பழைய இரும்புக் கடைகளில் டிஃப்கள் நிறைக்குப் போகின்றன. ஒன்றை வாங்கி, பக்கத்தில் வெட்டித் திறந்து, பாடசாலை ஆய்வுகூடத்து மேசையில் வைக்க எந்த நிதி ஒதுக்கீடு வேண்டும்? நெம்புகோலைக் கரும்பலகையில் கோடாகவே பார்த்துப் பரீட்சை எழுதினோம், கையால் சுற்றிப் பார்த்தவர் எத்தனை பேர்?

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர்த் தாங்கியைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால், தளத்தோடு ஒட்ட வையுங்கள், 100 லீட்டர் என்றால் இழுக்கிற சக்கரங்களுக்கு மேல் கிட்டத்தட்ட 100 கிலோ. கூரையில் ஏற்றவேண்டாம். பின் ஸ்ப்ரிங் வில்லுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினால் உடம்பு உயருமே தவிர டிஃப் இருந்த உயரத்தில்தான் இருக்கும், அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும். அத்தோடு வான் கவிழவும் சுலபமாகும். கடலோரத்து ஈர மணலில் ஓடுவது நல்லது, மணிகளுக்கு இடையில் நிற்கிற நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது, ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் அந்தப் பிடி போய்விடும். அடம்பன் கொடி படர்ந்த மேட்டில் மட்டும் ஏற்றாதீர்கள், அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான்.

காற்று மீட்டர் ஒன்று, 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று, மண்வெட்டி, சக்கரத்துக்கு முன்னால் போட இரண்டு பலகை. பலகை மறந்துபோனால் தென்னை மட்டை. வெல்டிங்குக்கு ஒதுக்கிய காசில் இவ்வளவும் வாங்கி மிச்சமிருந்தால் நல்ல மெத்தையாகப் பாருங்கள், பலகைக் கட்டிலில் இரண்டாம் இரவு முதுகு கேட்கும்.