பஞ்சபாண்டவர் படுக்கையில் யார் படுத்தார்கள்?

அழகர்மலையின் பின்பக்கம், கிடாரிப்பட்டிக் குகைத்தளத்தில் படியெடுத்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல புதையலுக்கு வழி எழுதியிருக்குன்னு சொல்றாய்ங்களே, நெசமா?"

18 ஆண்டுகளாகக் கல்வெட்டுப் படியெடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத மலை இல்லை. அதற்கு அடுத்து வருவது பாண்டவர் கதை: குகைத்தரையில் வெட்டியிருக்கும் கல்படுக்கைகளில் வனவாசத்தின்போது ஐந்து பேரும் படுத்திருந்தார்களாம். கீழவளவில் மலைக்கே பஞ்சபாண்டவர் மலை என்றுதான் பெயர். ஆனால் கொங்கர்புளியங்குளத்தில் போய்ப் படுக்கைகளை எண்ணிப் பாருங்கள். ஐந்தோடு நிற்காது, வரிசை வரிசையாகப் போகும். ஒவ்வொன்றும் ஒரு சாதாரண ஆள் நீட்டிப் படுக்கும் அளவு, தலைமாட்டில் சின்ன மேடு. பீமனுக்கென்று தனி அளவில் எதுவும் கிடையாது.

இவை யாருக்காக வெட்டப்பட்டன என்பது குகையின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறை விளிம்பில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அதை ஒட்டித் தேடினால் பல இடங்களில் தமிழி, அதாவது தமிழ் பிராமி என்னும் பழைய எழுத்து கிடைக்கும். மாங்குளத்தில், கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், அமைத்துக் கொடுத்தான் என்று இருக்கிறது. அதை 1882-ல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் கண்டார். இப்படிப்பட்ட குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்று 1924-ல் கல்வெட்டறிஞர் கே.வி.சுப்பிரமணிய ஐயர் காட்டினார். நெடுஞ்செழியன் பெயரைத் தமிழி ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1965-ல்தான் படித்தார். கண்டதற்கும் அந்தப் பெயரைப் படித்ததற்கும் நடுவே 83 ஆண்டுகள். அதுவரை அந்தக் கீறல்களை யாரும் சிதைக்காமல் விட்டதால்தான் படிக்க முடிந்தது.

சமணர் படுக்கை என்று நாம் சொல்வதையும் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். மாங்குளத்தில் 'கணி' (சமணத் துறவிக் குழுவின் தலைவர்), 'தம்மம்' (அறம்) என்ற சொற்கள் இருப்பதால் சந்தேகம் குறைவு. மற்றப் பல குகைகளில் சமயத்தின் பெயரே கிடையாது, அங்கே இருந்தவர்கள் ஆசீவகர் என்ற வேறொரு பழைய துறவிப் பிரிவினர் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. கல்வெட்டே சொல்கிற 'பள்ளி' என்ற பெயரால் அழைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சமணர்மலையிலும் யானைமலையிலும் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களைக் காட்டிக் குகைகளின் காலத்தைச் சொல்வதும் தவறு. சிற்பங்கள் 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தமிழி எழுத்து அவற்றைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது.

அழகர்மலையில் என்னைப் பிடித்து நிறுத்துவது கொடுத்தவர்களின் பட்டியல்தான். மதிரை (மதுரைதான்) உப்பு வணிகன் வியகன், பணித வணிகன் நெடுமூலன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொன்கொல்லன். உப்பும் கருப்பட்டியும் ஏர்க்கொழுவும் துணியும் விற்றவர்கள் துறவிகளுக்குத் தங்க இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். படித்துச் சொன்னதும் பெரியவர், "அட, நம்ம கோயில் படியில உபயம்னு பேரு வெட்டுற மாதிரி" என்றார். ஆமாம், அதேதான்.

படியெடுப்பது எப்படி என்று சொல்கிறேன், அப்போதுதான் நான் எதற்குப் பதறுகிறேன் என்று புரியும். பாறையைத் தண்ணீர்விட்டு மெதுவாகக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் குழிக்குள் இறக்குவோம். ஈரம் முக்கால் வாசி காய்ந்ததும் மைப்பந்தால் ஒற்றுவோம். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். பாறையில் உள்ள அத்தனை பள்ளமும் தாளில் விழும், நேற்று யாரோ ஆணியால் கீறியது உட்பட.

தமிழியில் 'க' என்பது கூட்டல் குறி. அச்சு அசல் '+'. குகைக்கு வரும் பிள்ளைகள் தங்கள் பெயர்களுக்கு நடுவே கீறிவிட்டுப் போவதும் அதே '+' தான். இன்று அது வெள்ளையாகத் தெரிவதால் புதுசு என்று எனக்குத் தெரியும். வெயிலும் மழையும் பட்டு நிறம் மங்கிய பிறகு வருகிறவர் எதை எழுத்தென்று எடுப்பார், எதை விடுவார்? உச்சியில் சின்னதாக ஒரு கோடு கூடினாலே உயிர்மெய் மாறிவிடும்.

ஆர்வத்தோடு செய்யப்படும் கெடுதலும் உண்டு. ஒரு மலையில் யாரோ வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுத்துக்கு வெள்ளைப் பெயின்ட் பூசியிருந்தார்கள். இயற்கை வெடிப்பு ஒன்றையும் சேர்த்துத் தீட்டிவிட்டார்கள், ஒரு புள்ளி பெயின்ட்டில் அடைந்துபோனது. அன்று தாளைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். சாக்பீஸ், எண்ணெய், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் கையை எடுப்பதை நான் பார்த்ததில்லை. எழுத்தைக் கண்ணால் கண்டவர்கள்தான் எடுக்கிறார்கள்.

காண்பதற்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் போதும். அன்று பொழுது சாய்ந்ததும் பெரியவரின் செல்போன் டார்ச்சை வாங்கிப் பாறையோடு பாறையாகப் பிடித்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே நிழல் விழுந்து எழுத்து எழும்பியது. "இதுதான் மதிரைங்கிற பேருய்யா" என்றேன். அவர் விரலை நீட்டி, தொடாமல் ஒரு சாண் தள்ளியே நிறுத்திக்கொண்டு கேட்டார்: "இதுல ம எதுப்பா?"

"அந்தா, உள்ள குறுக்குக் கோடு போட்ட கிண்ணம் மாதிரி இருக்குல்ல, அது."