ஒரே நாடு ஒரே சந்தா: ஆய்விதழ்களை யார் படிக்கலாம், எப்படிப் படிக்கலாம்?

ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடிப் பிடித்து, தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு, சரி, நமக்கு வேண்டியது இதுதான் என்று முழுக் கட்டுரையைச் சொடுக்கினால் 39.95 டாலர் கேட்கும். நம் பணத்தில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பக்கம் வரும். அதுவும் ஒரே ஒரு கட்டுரைக்கு. ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை நூறு நூற்றைம்பது கட்டுரைகளைப் புரட்டாமல் எழுத முடியாது.

நீங்கள் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இருப்பவர் என்றால், அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு மத்திய அரசு உங்கள் சார்பில் ஏற்கனவே பணம் கட்டிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அதற்காகத்தான். ஓ.என்.ஓ.எஸ். என்று நூலகத்தில் சொன்னால் புரியும். சந்தா கட்டியாகிவிட்டது என்ற சேதிதான் வகுப்பறை வரை வந்து சேரவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கையை ஒட்டிவிட்டு, அதோடு முடித்துக்கொண்ட கல்லூரிகள் உண்டு.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று இதற்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் இதில் அடக்கம். 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள், ஏறக்குறைய 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் பயன்பெறுவார்கள் என்பது அரசின் கணக்கு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய் சொச்சம். அதாவது, ஒரு கட்டுரையின் சில்லறை விலையில் மூன்றில் ஒரு பங்கு. எல்லோரும் படித்தால் லாபம். யாரும் தொடாவிட்டால் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு நாம் சும்மா கொடுத்த காசு.

இதழ்கள் இந்தத் துறை, அந்தத் துறை என்று ஒதுக்கப்பட்டவை அல்ல. எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்டு பிரான்சிஸ், சேஜ் போன்ற பெரிய பதிப்பகங்கள், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள், மருத்துவத்துக்குப் பி.எம்.ஜே., பொறியியலுக்கு ஐ.ட்ரிபிள்.இ., மேலாண்மைக்கு எமரால்டு என்று எல்லாம் ஒரே கூடையில் வருகின்றன.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் முன்பு இருந்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். அப்போது ஒவ்வோர் அமைச்சகமும் தனித்தனிக் குழு வைத்து இதழ்களை வாங்கியது. பல்கலைக்கழகங்களுக்கு இ-ஷோத்சிந்து, வேளாண் நிறுவனங்களுக்கு செரா, மருத்துவத்துக்கு எர்மெட், சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களுக்கு என்.கே.ஆர்.சி., உயிரித் தொழில்நுட்பத்துக்கு டெல்கான் என்று இப்படிப் பத்து குழுக்கள். ஒரே இதழுக்குப் பல இடங்களிலிருந்து பணம் போனது. ஆனால் பக்கத்துத் துறைக்காரர் படிக்கும் இதழ் நமக்குத் திறக்காது.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். ஏடிஸ் கொசுவைப் பற்றி விலங்கியல் துறையில் ஒருவர் ஆய்வு செய்கிறார். கொசு எந்த வெப்பநிலையில் பெருகுகிறது என்பது பூச்சியியல் இதழில் இருக்கும். மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையே எத்தனை வார இடைவெளி என்பது வானிலை இதழில். நோயாளிகளின் கணக்கு லான்செட் போன்ற மருத்துவ இதழில். மருத்துவமனையில் படுக்கையையும் ரத்தத் தட்டணுக்களையும் எப்படிப் பங்கிட்டார்கள் என்பது மேலாண்மை இதழில். நான்கும் வேண்டும். பழைய ஏற்பாட்டில் அவருக்குக் கிடைத்தது முதலாவது மட்டும், அதுவும் பாதி. இப்போது நான்கு துறைகளுக்கும் ஒரே நுழைவு போதும்.

யாருக்கு உண்டு? மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் உண்டு. மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் பார்த்தால் மாநிலப் பல்கலைக்கழகங்கள், அரசுக் கலைக் கல்லூரிகள், அரசு மருத்துவக் கல்லூரிகள், அரசுப் பொறியியல் கல்லூரிகள், சென்னை ஐ.ஐ.டி., திருச்சி ஐ.ஐ.எம்., திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாம் இந்த வகைக்குள் வரும். சென்னை அடையாற்றின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் போன்றவையும் அப்படியே. பேராசிரியருக்கு மட்டும் என்றோ, முனைவர் பட்ட மாணவருக்கு மட்டும் என்றோ பாகுபாடு இல்லை. இளநிலை முதலாம் ஆண்டு மாணவரும் படிக்கலாம்.

அரசு உதவிபெறும் கல்லூரியில் இருப்பவர்கள் ஊகத்தில் முடிவெடுக்க வேண்டாம். திட்டத்தின் இணையதளத்தில் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான வழி.

தனியார் சுயநிதிக் கல்லூரிகளும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இந்த முதல் கட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது சின்ன விடுபாடு அல்ல. இங்கே பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே சந்தா கட்டிக்கொள்ளும். இரண்டுங்கெட்டானாக நிற்பது மாவட்டத் தலைநகருக்கு வெளியே இருக்கும் நடுத்தரக் கல்லூரியின் மாணவர். 'ஒரே நாடு' என்று பெயர் வைத்த திட்டம் அவரை விட்டுவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த கட்டத்தில் தனியார் நிறுவனங்களையும், அதற்கடுத்து பொது நூலகங்கள் வழியாக எல்லோரையும் சேர்ப்பது என்பது அறிவிக்கப்பட்ட யோசனை. யோசனை கைக்கு வரும்வரை அதை நம்பி ஆய்வைத் தள்ளிப்போட முடியாது. அவர்களுக்கான வழிகளைக் கீழே சொல்கிறேன்.

இனி, பயன்படுத்தும் முறை. நிர்வாகப் பொறுப்பு குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையத்திடம் இருக்கிறது. தனி மாணவர் யாரும் அங்கே விண்ணப்பிக்க வேண்டாம், விண்ணப்பிக்கவும் முடியாது. கல்லூரிதான் திட்டத்தின் தளத்தில் பதிவு செய்து, ஒரு பொறுப்பாளரை நியமித்திருக்க வேண்டும். பெரும்பாலும் நூலகரே அந்தப் பொறுப்பாளர்.

கல்லூரி வளாகத்துக்குள், கல்லூரியின் இணைய இணைப்பில் இருந்தால் கடவுச்சொல் எதுவும் தேவைப்படாது. கல்லூரி இணைய இணைப்பின் அடையாளமான ஐ.பி. எண் பதிப்பகத்திடம் பதிவாகியிருந்தால் கட்டுரை தானாகத் திறக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வளாகத்தில் உட்கார்ந்துகொண்டே கைப்பேசியின் சொந்த டேட்டாவில் திறந்து பார்த்துவிட்டு, "இங்கயும் காசு கேக்குதே" என்று விட்டுவிடுவார்கள். வைஃபைக்கு மாறிப் பாருங்கள். இல்லையென்றால் நூலகக் கணினியில் உட்கார்ந்து பாருங்கள்.

வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ படிக்க இன்ஃபெட் என்ற வழி இருக்கிறது. நூலகர் உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருவார். பதிப்பகத் தளத்தில் 'ஆக்சஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிட்யூஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். சில தளங்களில் 'ஆர்கனைசேஷன்' என்று இருக்கும். அதை அழுத்தி, கூட்டமைப்பின் பெயர் கேட்டால் இன்ஃபெட் என்பதைத் தேர்ந்தெடுத்து, கல்லூரியின் பெயரைத் தட்டினால் உள்நுழையும் பக்கம் வரும். உங்கள் கல்லூரி பழைய பெயரில் பதிவாகியிருக்கலாம். பெயர் வரவில்லை என்றால் ஊரின் பெயரை மட்டும் தட்டிப் பாருங்கள்.

நூலகரிடம் போய் "ஜர்னல் கிடைக்குமா சார்?" என்று பொதுவாகக் கேட்டால் அச்சு இதழ் அடுக்கைக் காட்டுவார். "நம்ம காலேஜ் ஓ.என்.ஓ.எஸ்.ல பதிவாகியிருக்கா மேடம்? எனக்கு இன்ஃபெட் ஐடி வேணும்" என்று கேளுங்கள். பதிவே ஆகவில்லை என்று பதில் வந்தால், முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம், துறைத் தலைவர் மூலமாக. நூலகர் பணியிடமே காலியாக இருக்கும் கல்லூரிகளில் வேறு ஒரு பேராசிரியரைப் பொறுப்பாளராகப் போடச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. கிடைக்கிறதே என்று ஓர் இதழின் பத்தாண்டு இதழ்களையும் மென்பொருள் வைத்து மொத்தமாக இறக்காதீர்கள். பதிப்பகங்களின் நிபந்தனைப்படி அது தவறு. அவர்கள் கண்டுபிடித்தால் உங்கள் ஒருவரை அல்ல, கல்லூரியின் இணைப்பையே நிறுத்திவைப்பார்கள். பரீட்சை நேரத்தில் அப்படி ஆனால் யார் காரணம் என்று தேடுவார்கள். கடவுச்சொல்லைத் தனியார் கல்லூரி நண்பருக்குக் கொடுப்பதும் இதே கதைதான்.

இது படிப்பதற்கான சந்தா. கட்டுரையை வெளியிடுவது வேறு விஷயம். திறந்த அணுக்க இதழ்களில் படிப்பவர் பணம் கட்ட வேண்டாம், அவற்றில் பலவற்றில் எழுதியவர் கட்ட வேண்டும். நேச்சர் இதழில் ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கமாக வெளியிட அந்தக் கட்டணம் 10,000 டாலரைத் தாண்டும். தேர்ந்தெடுத்த தரமான இதழ்களில் எழுதும் இந்திய ஆசிரியர்களுக்கு இந்தக் கட்டணத்தில் உதவ, ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்கீட்டைத் திட்டத்தோடு சேர்த்து அறிவித்தார்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பில்லைப் பார்த்து மலைப்பதைவிட, அனுப்புவதற்கு முன்பே நூலகரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

அதே மூச்சில் இன்னொன்று. அறிவியல், மருத்துவம், மேலாண்மை எல்லாவற்றையும் ஒரே இதழில் போடுகிறோம், மூன்று நாளில் வெளியிடுகிறோம், இவ்வளவு அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அதற்கும் இந்தத் திட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த முனைவர் பட்ட விதிகளில், ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதித்திருந்தால் மட்டுமே அது பொருந்தும். தரமான இதழ்கள் இவை என்று மானியக் குழு வைத்திருந்த யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆகவே 'கேர் பட்டியலில் இருக்கிறோம்' என்று இன்றைக்கும் ஒரு இதழ் விளம்பரம் செய்தால் அதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

இப்போது ஓ.என்.ஓ.எஸ். திட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு. பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் என்ற குறுக்குவழியைப் பலர் நம்பியிருந்தார்கள். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் 2020-ல் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவிட்டது. முறையான வழிகளே போதுமான அளவு இருக்கின்றன. கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் அடியில் 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்தினால், ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் வைத்திருக்கும் பிரதி பல நேரம் அகப்படும். மருத்துவத்துக்கு பப்மெட் சென்ட்ரல், இயற்பியல், கணிதம், கணினிக்கு ஆர்க்கைவ், இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. மூன்றும் இலவசம். கல்லூரி நூலகங்களின் கூட்டமைப்பான டெல்நெட்டில் உறுப்பினரா, கல்லூரிகளுக்கு மின்னூல்களும் மின்னிதழ்களும் தரும் இன்ஃப்லிப்நெட்டின் என்-லிஸ்டில் சேர்ந்திருக்கிறதா என்றும் நூலகத்தில் விசாரியுங்கள். தனியார் கல்லூரிகள் பலவும் கட்டணம் கட்டிச் சேரக்கூடியவை இவை.

எதுவும் கைகொடுக்கவில்லை என்றால், கட்டுரை எழுதியவருக்கே எழுதுங்கள். கட்டுரையின் சுருக்கம் இருக்கும் பக்கத்தில் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரி இருக்கும், அந்தப் பக்கம் காசு கேட்காமலே தெரியும். நீங்கள் யார், எந்தக் கட்டுரை, எதற்கு என்று மூன்று வரி போதும். கட்டுரை விற்கும் பணத்தில் அவருக்குப் பங்கு கிடையாது, படிக்க ஆள் கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம்தான். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் இணை ஆசிரியருக்கு அனுப்பிப் பாருங்கள்.