கழுத்தில பிறந்த தசை

வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தா: "வலது தோள்மூட்டு நோகுது எண்டு போனா டொக்டர் வயித்தை ஸ்கேன் பண்ணச் சொல்லி, பித்தப்பையில கல்லு எண்டுட்டார். தோளுக்கும் பித்தப்பைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" பதில் நீங்க நாலு கிழமைக் கருவா இருந்த காலத்தில கிடக்கு அக்கா.

நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற பிரிமென்றகட்டை ஓ லெவலுக்கு எல்லாரும் கீறியிருப்பம், அது சுருங்கிக் கீழ இறங்க மூச்சு உள்ள போகும், அதை விடுவம். அது தொடங்கிற இடம்தான் விசேசம்.

கருக்கட்டி 22 நாள் அளவில முளையம் தட்டையாத்தான் கிடக்கும். இதயம் வரப்போற இடம் மூளைக்கும் அங்கால, அதுக்கும் அங்கால செப்டம் டிரான்ஸ்வேர்சம் எண்டொரு தடிச்ச இழையத்துண்டு. அதாவது பிரிமென்றகட்டின்ட முதல் துண்டு தலைக்கு மேல! நாலாம் கிழமை தலைப்பக்கம் முன்னுக்கு மடிய, இதயமும் இந்தத் துண்டும் சேந்து சுழண்டு கழுத்துக்கு நேர வந்து நிக்குது. அங்க நிக்கேக்கதான் கழுத்தின்ட 3, 4, 5ஆம் முண்ணாண் நரம்புகள்ல இருந்து பிரெனிக் நரம்பு, அதாவது பிரிமென்றகட்டைச் சுருங்கச் சொல்லுற நரம்பு, வந்து அதைப் பிடிக்குது, தசையாகப் போற கலங்களும் அதே மட்டத்தில இருந்துதான் வருது.

பிறகு முதுகுப்பக்கம் கடகடவெண்டு வளர, முன்பக்கத்துக்கு அந்த வேகம் இல்லை, அதால பிரிமென்றகடு தானா நடக்காமலே கீழ கீழ போய், எட்டாம் கிழமை அளவில அதின்ட பின்பக்கம் இடுப்பின்ட முதல் முள்ளென்பு மட்டத்துக்கு வந்திடும். நரம்பு மட்டும் விடேல்ல, இழுபட்டு இழுபட்டு நீண்டுகொண்டே போய், வளந்த ஆளில 30 சென்ரிமீற்றர் அளவுக்கு இதயத்தின்ட பக்கத்தால இறங்குது. வெள்ளவத்தைக்கு வந்து எத்தினை வருசமாகியும் கல்யாணம் பேச ஊர்ப் பெரியப்பாட்டத்தான் கேப்பம் எண்டு நிக்கிற குடும்பம் மாதிரி, கட்டளை இண்டைக்கும் கழுத்தில இருந்துதான். கழுத்தின்ட மேல்பக்கம் முண்ணாண் முறிஞ்சா மூச்சே நிக்கிறது இதாலதான்.

தோள்த்தோலின்ட உணர்ச்சியும் கழுத்தின்ட 3, 4ஆம் நரம்புகள் வழியாத்தான் போகுது. பித்தப்பை வீங்கி பிரிமென்றகட்டின்ட அடியைச் சீண்டினா, மூளைக்கு ரெண்டும் ஒரே இடத்தால வாற செய்தி, அது தோள் எண்டு எடுத்துக்கொள்ளுது. டொக்டர் பிடிச்சது சரி அக்கா.

செப்டம் டிரான்ஸ்வேர்சம் நடுவில இருக்கிற தசைநாராகும், ரெண்டு பக்கத்தாலயும் மடிப்புகள் வளந்து மிச்சத்தை மூடும். தசையை வழிநடத்திறது அந்த மடிப்புகள்தான் எண்டு 2015இல எலிகள்ல செய்த ஆய்வு காட்டிச்சு. எலிக்கருவுக்கு ஏன் காசு கொட்டுறாங்கள் எண்டு கேக்கிறவைக்கு: இந்த மடிப்பு சரியா மூடாட்டி குடல் நெஞ்சுக்குள்ள ஏறி, நுரையீரல் வளர இடமில்லாமப் போகும். ஏறத்தாழ 3000 பிள்ளைகள்ல ஒண்டுக்கு இப்பிடி, கூடுதலா இடப்பக்கம், அந்தப் பக்கம் பிந்தித்தான் மூடும்.

அப்பிடிப் பிள்ளை பிறந்தா, கிரகணத்துக்கு வெளிய போனதால எண்டு தாயைக் குத்திக் கதைக்க எங்கட சனத்துக்கு வாய் கூசாது. இந்த ஓட்டை மூடவேண்டிய காலம் வயிறு வெளிய தெரியமுதலே முடிஞ்சிடும். கனபேருக்குக் காரணமே கண்டுபிடிக்க ஏலாது, சிலருக்கு ஜீன்ல பிழை. சந்திரனை விடுங்க, அஞ்சாம் மாச ஸ்கேனைத் தவறவிடாதேங்க, அதில கனக்க இது முன்னமே பிடிபடும், பிறக்கேக்கயே சத்திரசிகிச்சைக்காரர் ஆயத்தமா நிக்கலாம்.