காய்ச்சல் பரவும் காலத்தில் உங்கள் கூலிக்கு யார் பொறுப்பு?

2020 மார்ச் 20 அன்று கொரோனாவுக்காக இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டபோது, வன்னியில் பல வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதமான நிலைமை இருந்தது. ஆடைத்தொழிற்சாலைக்குப் போய்வந்த மகளுக்கு முழுச் சம்பளம் கிடைக்காவிட்டாலும் வங்கிக் கணக்கில் ஒரு தொகை விழுந்தது. மேசன் வேலைக்குப் போன தகப்பனுக்கு வேலை நின்ற அன்றைக்கே வருமானமும் நின்றது. அவர் நம்பியிருந்தது ஏப்ரலிலும் மேயிலும் அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாவைத்தான். அதுவும் சமுர்த்தி அலுவலரும் கிராம அலுவலரான விதானையாரும் எழுதிய பட்டியலில் பெயர் இருந்தால்.

மகளுக்கு வந்த காசு கொம்பனியின் தயவால் மட்டும் வந்ததில்லை. 2020 மே மாதம் தொழில் அமைச்சும் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலை கொடுக்க முடியாமல் வீட்டில் இருத்தப்பட்ட ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைக் காட்டிக் கேட்பதற்குச் சம்பளப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். வன்னியிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போய் மான்பவர் ஏஜென்சி என்ற ஆள்வழங்கும் நிறுவனம் மூலம் நாட்சம்பளத்துக்கு நின்ற பிள்ளைகளுக்கு அதே தொழிற்சாலை, அதே மெசின், அதே வேலை. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லை. முதலில் வேலை போனது அவர்களுக்குத்தான்.

நான் இங்கே சொல்ல வருவது இதைத்தான்: "நான் வெறும் கூலிதானே, எனக்கு என்ன உரிமை" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலர் சட்டப்படி ஊழியர்கள். அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர், பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ புடைவைக்கடையில் நிற்கும் பிள்ளை, கொந்தராத்துக்காரரின் கீழ் வீதி வேலை செய்பவர் எல்லோரும் இதில் அடங்குவர். அடுத்த தொற்று வருவதற்கு முன் இவர்களின் பெயர் கடதாசியில் ஏற வேண்டும். தொற்று வந்த பிறகு பெயர் ஏற்ற யாருக்கும் நேரமிருக்காது.

"தற்காலிகம்" என்ற சாட்டு

கடைகளிலும் ஆலைகளிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "தம்பி, நீ இன்னும் தற்காலிகம்தானே. நிரந்தரமாக்கின பிறகு ஈ.பி.எப். பாப்பம்." இது சட்டத்தில் இல்லாத கதை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டம், அதாவது ஈ.பி.எப். சட்டம், நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, துண்டுக்கணக்கு என்று ஆளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பணம் கட்ட வேண்டும். கடையில் ஒரே ஓர் ஊழியர் நின்றாலும் கட்ட வேண்டும். வீட்டு வேலைக்கு நிற்பவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வராதது பெரிய குறை. குடும்பத்தார் மட்டும் நடத்தும் கடை போன்ற சில விலக்குகளும் உண்டு.

கணக்கு இப்படி. ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் என்ற ஈ.ரி.எப். இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அது. அதற்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுகிறார், ஊழியரிடம் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. ஒருவருக்கு நாளுக்கு 2,000 ரூபா, மாதத்தில் 22 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 44,000. அதில் அவருடைய 3,520 ரூபாவும் முதலாளியின் 5,280 ரூபாவும் சேர்ந்து ஈ.பி.எப்.க்கு 8,800 போக வேண்டும். ஈ.ரி.எப்.க்கு இன்னொரு 1,320. ஒரு வருடம் முடிய இரண்டிலுமாக 121,440 ரூபா அவர் பெயரில் இருக்கும். "கைக்கு முழுக்காசு தாறன், ஈ.பி.எப். வேண்டாம்" என்று முதலாளி சொல்லும்போது உண்மையில் விட்டுக்கொடுக்கப்படுவது இந்தத் தொகை. ஊழியரே சம்மதித்துக் கையெழுத்து வைத்தாலும் முதலாளியின் பொறுப்பு தீராது. அந்தந்த மாதத்தில் பிடிக்காமல் விட்ட 8 வீதத்தைப் பிறகு மொத்தமாகச் சேர்த்து ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. பிந்திக் கட்டினால் பிந்திய நாளைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் முதலாளிக்கு விழும்.

நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பத்து வருடம் பணம் கட்டப்பட்டு, கணக்கில் குறைந்தது 300,000 ரூபா இருந்தால், வேலையில் இருக்கும்போதே கணக்கிலுள்ள தொகையில் 30 வீதம் வரை வைத்தியச் செலவுக்கு எடுக்கலாம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால் வயது வரும்வரை காத்திராமல் முழுவதையும் எடுக்கலாம். ஈ.ரி.எப்.இல் இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை பொருத்துதல், ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுதல் போன்றவற்றுக்குத் தனியே உதவிகள் உண்டு. பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால்தான் இவை எல்லாம்.

இறந்துபோனால் பணம் யாருக்கு என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதைப் புதுப்பிக்க வேண்டும். பெயர் போடாமல் ஆள் போய்விட்டால் மனைவி பிள்ளைகள் வாரிசு ஆவணங்களுக்காக அலைய வேண்டிவரும். கொரோனாவில் ஒரே வாரத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்த அலைச்சலையும் சேர்த்துச் சுமந்தன. இன்னொன்று: 2009க்கு முன் கூட்டுறவுச் சங்கங்களிலும் வேறு இடங்களிலும் வேலை செய்து, இடம்பெயர்வில் எல்லாக் கடதாசியையும் தொலைத்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப்பேர். கையிலுள்ள அட்டை தொலைந்தால் கணக்கு அழிந்துவிடாது. அடையாள அட்டை இலக்கமும் வேலை செய்த இடத்தின் பெயரும் இருந்தால் தொழில் திணைக்களத்தில் தேடிப்பார்க்கலாம். கேட்டுப் பாருங்கள்.

வருத்தத்தில் படுத்தால்

இங்கே சட்டம் பலவீனமானது. கடை, காரியாலய ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி இரண்டாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 7 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. சுகவீனம், சொந்த அலுவல் இரண்டுக்கும் இதையே எடுக்க வேண்டும். முதல் வருடத்தில் ஒவ்வொரு இரண்டு மாதமும் முடிய ஒரு நாள். வருடாந்த லீவு 14 நாள் தனி. ஆடைத்தொழிற்சாலை, அரிசி ஆலை, கட்டட வேலை போன்றவை துறைவாரியாகச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபைகளின் கீழ் வருகின்றன. அங்கே வருடாந்த லீவு உண்டு, ஆனால் நோய்க்கென்று தனியான சம்பள லீவு எல்லாத் துறைக்கும் இல்லை. 14 நாள் தனிமைப்படுத்தல் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து வாசலில் துண்டு ஒட்டிய காலத்தில் இந்த ஓட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2021 மே மாதம் முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்பு பொலிஸ் பிரிவுகள் அப்படியே மூடப்பட்டன. காய்ச்சல் இருப்பதைச் சொன்னால் சம்பளம் போகும், சொல்லாவிட்டால் பக்கத்து மெசினில் இருப்பவளுக்கும் தொற்றும் என்ற நிலையில் ஒரு பிள்ளையை நிறுத்துவது அநியாயம். சம்பளத்தோடு நோய் லீவு இல்லாத இடத்தில் தொற்று வேகமாகத்தான் பரவும். இது சுகாதாரத் திணைக்களம் மட்டும் தீர்க்கக்கூடிய பிரச்சினையில்லை, தொழில் சட்டம் மாற வேண்டும்.

இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது இது: மருத்துவச் சான்றிதழை வாயால் சொல்லி விடாமல் எழுத்தில் கொடுங்கள், ஒரு போட்டோப் பிரதி வீட்டில் வையுங்கள். சுகாதாரப் பகுதி தனிமைப்படுத்தினால் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். "வராமல் நின்றாய், வேலை இல்லை" என்று பிறகு சொன்னால் அந்தக் கடிதம்தான் பேசும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், கடந்த பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

எலிக்காய்ச்சல்: எங்கள் வயலின் தொழில்நோய்

கொரோனா ஒருமுறை வந்த பெரும் தொற்று. எலிக்காய்ச்சல் மழையோடும் வயலோடும் திரும்பத் திரும்ப வருவது. காலபோகத்துக்கு வரம்பு கட்டும்போதும், சேற்றில் நாற்று நடும்போதும், வெள்ளம் வடிந்த வயலில் இறங்கும்போதும் காலில் உள்ள சின்ன வெடிப்பு போதும். காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் உளைவு, கண் சிவத்தல், சலம் குறைதல் என்று வந்தால் பரசிட்டமோலோடு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "வயலுக்குள் இறங்கினனான்" என்று டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் நோயைக் கண்டுபிடிப்பதை விரைவாக்கும்.

வயலில் இறங்குபவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகப் பெறலாம். வயல் வேலை நடக்கும் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு எடுப்பது. கர்ப்பிணிகளும் ஏதாவது மருந்து ஒவ்வாதவர்களும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். வயற்காரர் தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு கூலிக்கு வருபவர்களை விட்டுவிடுவது நடக்கிறது. விசுவமடுவிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ ரக்ரர் பெட்டியில் வரும் பெண்கள்தான் சேற்றில் கூடநேரம் நிற்பவர்கள். குளிசை அவர்களுக்கும் சேர வேண்டும்.

வேலை காரணமாக வந்த காயத்துக்கும் தொழில்நோய்க்கும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தில் முதலாளியிடம் நட்டஈடு கேட்கலாம். 2022இல் செய்த திருத்தத்தோடு உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்தது. இன்றைக்கு ஒருவர் வயல், நாளைக்கு இன்னொருவர் வயல் என்று போகிறவருக்கு இதைக் கேட்டு வெல்வது கஷ்டம், அதை மறைக்கக் கூடாது. நோய் எந்த வேலையால் வந்தது என்று காட்ட வேண்டிவரும். அதற்குத்தான் யாருடைய வயலில் எந்தத் திகதி நின்றீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்கிறேன்.

முதலாளியே இல்லாதவர்களுக்கு

கரைவலைக்குப் போகிறவர், ஓட்டோ ஓடுகிறவர், இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுகிற அக்கா, இவர்களுக்கு ஈ.பி.எப். கிடையாது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவியபோது சனம் மீன் வாங்கவே பயந்தது. பயத்தைப் போக்க முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நோய் வராமலே கடற்றொழிலாளியின் வருமானம் விழுந்த நேரம் அது. அப்படியான இழப்புக்கு நட்டஈடு தரும் நிரந்தரத் திட்டம் எதுவும் இவர்களுக்கு இல்லை.

இருக்கும் வழிகள் இரண்டு மூன்று. ஈ.ரி.எப்.இல் சுயதொழில் செய்பவரும் தாமாகச் சேரலாம். இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் அரச ஓய்வூதியம் இல்லாதவர்கள் பிரதேச செயலகம் மூலம் சேரலாம், 60 வயதிலிருந்து மாதாந்தம் கிடைக்கும். விவசாயிகளுக்கும் கடற்றொழிலாளருக்கும் தனித்தனி ஓய்வூதியச் சட்டங்கள் 1987இலும் 1990இலும் வந்தன. அப்புறம் அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும. 2025 ஜனவரியிலிருந்து வறியவர்கள் என்ற பிரிவில் உள்ள குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறியவர்களுக்கு 17,500. சிறுநீரக நோயாளிகளுக்கான கொடுப்பனவு 10,000. வவுனியாப் பக்கம் இது தேவைப்படுவோர் அதிகம். அஸ்வெசும குடும்பத்தின் நிலையைப் பார்த்துத் தருவது. மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்து கூலி போனதற்காக உடனே தருவதில்லை.

அவசரகாலக் கொடுப்பனவு வந்தபோது அது இப்படியான பட்டியல்கள் வழியாகத்தான் போனது. பதிவு யாழ்ப்பாணத்தில், இருப்பது முறிகண்டியில் என்றால் இரண்டு இடத்திலும் பெயர் தவறிவிடும். குடியிருக்கும் பிரிவின் விதானையாரிடம் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். மீன்பிடிப் படகின் பதிவையும் கமநல சேவை நிலையப் பதிவையும் புதுப்பித்து வையுங்கள்.

எங்கே போய்க் கேட்பது

ஈ.பி.எப்., சம்பளம், லீவு எல்லாவற்றுக்கும் தொழில் காரியாலயம்தான். சட்டத்தரணி தேவையில்லை, கட்டணமும் இல்லை. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். முதலாளி பழிவாங்குவார் என்ற பயமிருந்தால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேளுங்கள். சம்பளச் சீட்டு இல்லையா? சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், முதலாளியின் வட்ஸ்அப் செய்தி, வரவுக் கொப்பியின் படம், கூட வேலை செய்தவரின் பெயர், எது இருந்தாலும் கொண்டுபோங்கள். நாட்கூலி குறைவாக இருந்தாலும் அங்கேயே சொல்லலாம். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து நாளுக்கு 1,080 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபா. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாயமன்றத்துக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தொழில் காரியாலயத்தில் பேச்சுவார்த்தை நடக்கிறதென்று அந்த ஆறு மாதத்தைக் கடத்திவிடாதீர்கள்.