சர்க்யூட் ஜட்ஜ்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க நீதிமன்றச் செய்திகளைத் தமிழில் எழுதுபவர்கள் அடிக்கடி இடறும் சொல் ‘சர்க்யூட் ஜட்ஜ்’. நாட்டின் மத்திய அரசு நீதிமன்ற அடுக்கில் மேல்முறையீடுகளைக் கேட்கும் நீதிபதி இவர். ஒருவர் ‘சுற்று நீதிபதி’ என்று எழுதுகிறார். இன்னொருவர் ‘வட்ட நீதிபதி’ என்கிறார். வேறொருவர், நமக்குப் பழகியதாக இருக்கட்டும் என்று ‘உயர் நீதிமன்ற நீதிபதி’ ஆக்கிவிடுகிறார். மூன்றும் பொருந்தாது. ஏன் என்று பார்க்க, சொல் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

லத்தீனில் ‘சர்க்கும்’ என்றால் சுற்றி, ‘ஈரே’ என்றால் போவது. இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் சர்க்யூட்: சுற்றிவரும் பாதை. இங்கிலாந்தில் அரசரின் நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரித்தார்கள். அவர்கள் சுற்றிவந்த பகுதிக்கு இந்தப் பெயர் நின்றது. அமெரிக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1789 செப்டம்பர் 24 அன்று நிறைவேறிய நீதித்துறைச் சட்டம் கிழக்கு, நடு, தெற்கு என்று மூன்று சர்க்யூட்களை வகுத்தது. அன்றைக்கு உச்ச நீதிமன்றத்தில் 6 நீதிபதிகள்தான். சர்க்யூட் நீதிமன்றங்களுக்கென்று தனி நீதிபதிகள் கிடையாது. எனவே அந்த 6 பேரே, ஒரு சர்க்யூட்டுக்கு இருவராக, ஆண்டுக்கு இரண்டு முறை குதிரையிலும் வண்டியிலும் புறப்பட்டுப் போனார்கள். தெற்கு சர்க்யூட்டைச் சுற்றிய ஜேம்ஸ் அயர்டெல், தன் பிழைப்பு தபால் சுமக்கும் பையனின் பிழைப்பாகிவிட்டது என்று நொந்து எழுதினார். 1838இல் ஜான் மெக்கின்லி என்ற நீதிபதி 10,000 மைல் பயணம் செய்ததாகக் கணக்குக் கொடுத்தார். ரயில் பரவாத காலத்து 10,000 மைல் அது.

இந்த அலைச்சலுக்கு முடிவு கட்டியது 1891ஆம் ஆண்டுச் சட்டம். மேல்முறையீடுகளைக் கேட்பதற்கென்றே ஒவ்வொரு சர்க்யூட்டிலும் தனி நீதிமன்றம் வந்தது. நீதிபதிகள் சுற்றுவது நின்றது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று சர்க்யூட் என்றால் பயணம் அல்ல, நில எல்லை. இரண்டாவது சர்க்யூட் என்பது நியூயார்க், கனெக்டிகட், வெர்மான்ட் ஆகிய 3 மாநிலங்கள். எண்ணிட்டவை 11, தலைநகர் வாஷிங்டனுக்கு ஒன்று, இடத்தால் அல்லாமல் காப்புரிமை போன்ற பொருளால் வரையறுக்கப்பட்ட ‘ஃபெடரல் சர்க்யூட்’ ஒன்று, ஆக 13. நிரந்தர நீதிபதிப் பதவிகள் மொத்தம் 179. குடியரசுத் தலைவர் நியமிக்க, செனட் ஒப்புதல் தர, ஆயுள் முழுக்கப் பதவி.

சரி, தமிழுக்கு வருவோம். ‘சுற்று’ என்றதும் நமக்கு மின்சுற்றும் போட்டியின் முதல் சுற்றும்தான் நினைவுக்கு வரும். ‘வட்டம்’ தமிழ்நாட்டில் தாலுகாவுக்கு உரிய சொல். ‘வட்ட நீதிபதி’ என்றால் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் கோர்ட்தான் கண்ணில் தெரியும். இந்த நீதிபதியோ உச்ச நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு படி கீழே இருப்பவர். ‘உயர் நீதிமன்றம்’ என்பதும் சரிவராது. நம் உயர் நீதிமன்றம் ரிட் மனுவை நேரடியாக வாங்கும், மாநிலத்தின் தலைமை நீதிமன்றமாகவும் இருக்கும். அமெரிக்காவில் மாநிலங்களுக்குத் தனி நீதிமன்ற அடுக்கே உண்டு. சர்க்யூட் அதற்கு மேலதிகாரி அல்ல. சில மாநிலங்கள் தங்கள் கீழ் நீதிமன்றங்களுக்கே ‘சர்க்யூட் கோர்ட்’ என்று பெயர் வைத்திருப்பதால், ஊர் பார்த்து மொழிபெயர்ப்பதும் அவசியம்.

என் பரிந்துரை ‘வட்டாரம்’. ‘இரண்டாவது வட்டாரக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம்’ என்று எழுதினால் எல்லையும் வேலையும் ஒருசேரத் தெரிகின்றன. ‘கூட்டரசு’ மலேசியத் தமிழர்களின் அன்றாடச் சொல். அவர்களின் உச்ச நீதிமன்றமே ‘கூட்டரசு நீதிமன்றம்’தான். நாம் எழுதும் ‘கூட்டாட்சி’ ஓர் ஆட்சிமுறையின் பெயர். ‘கூட்டரசு’ அந்த முறையில் அமைந்த அரசின் பெயர். நீதிமன்றத்துக்கு முன்னால் பின்னதுதான் பொருந்துகிறது. ‘மேல்முறையீடு’ (இலங்கையில் ‘மேன்முறையீடு’) நல்ல சொல். முறை என்றால் பழந்தமிழில் நீதி. ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்ற குறளில் இருப்பது அந்த முறைதான். நீதி கேட்டு இடுவது முறையீடு.

இந்தப் பதவியின் கனம் புரிய, இரண்டாவது வட்டாரத்தின் நீதிபதியாக இருந்த லேர்னட் ஹேண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1872இல் ஆல்பனியில் பிறந்தவர். ஹார்வர்டில் தத்துவம் படித்து, பிறகு சட்டம் படித்தவர். 1909இல், 37 வயதில், நியூயார்க்கில் கூட்டரசின் கீழ் நீதிமன்றமான மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி ஆனார். 1917இல், போரை எதிர்த்த ஒரு பத்திரிகையைத் தபாலில் அனுப்ப மறுத்த அதிகாரிக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார். நாடே போர் வெறியில் இருந்த நேரம். அந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அதே நீதிமன்றத்துக்கு அவர் நீதிபதியாகப் போனது 1924இல்தான்.

ஒரு வழக்கைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1928 மார்ச்சில், வர்ஜீனியாவிலிருந்து நிலக்கரி ஏற்றிய படகுகளை இழுவைக் கப்பல்கள் வடக்கே இழுத்துப் போயின. நியூஜெர்சி கரையருகே புயல் அடித்து, இரண்டு படகுகள் மூழ்கின. புயல் வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள், ஆனால் இழுவைக் கப்பல்களில் வேலை செய்யும் வானொலி இல்லை. ‘இந்தத் தொழிலில் யாருமே வானொலி வைப்பதில்லையே’ என்றார்கள் கப்பல்காரர்கள். 1932இல் ஹேண்ட் ஏற்க மறுத்தார். ஒரு தொழிலே ஒட்டுமொத்தமாகப் பின்தங்கியிருக்கலாம். எது போதுமான எச்சரிக்கை என்பதை முடிவில் நீதிமன்றம்தான் சொல்லும் என்று எழுதினார். ‘எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்பதைச் சாக்காக ஏற்காத இந்தத் தீர்ப்பு, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம்.

மேல்முறையீட்டு நாற்காலிக்கு வந்த பிறகு, அவருக்கு எதிரே சாட்சி நின்றதில்லை, ஜூரி உட்கார்ந்ததில்லை. மேல்முறையீட்டு நீதிபதிக்கு இருப்பவை கீழ் நீதிமன்றப் பதிவேடும், வழக்கறிஞர்களின் எழுத்து வாதமும், சில நிமிட வாய்மொழி வாதமும்தான். மூன்று பேர் கொண்ட அமர்வு, பெரும்பான்மை முடிவு. உச்ச நீதிமன்றம் விரிவாக விசாரிப்பது ஆண்டுக்கு நூறுக்கும் குறைவான வழக்குகளையே என்பதால், ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு இதுதான் கடைசி வாசல். 1945இல் அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் ஏகபோக வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கத் தகுதியுள்ளவர்கள் போதவில்லை. இறுதித் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு ஹேண்டின் அமர்வுக்கே வந்தது. ஆனாலும் உச்ச நீதிமன்ற நாற்காலி கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. வாஷிங்டன் வட்டார நீதிமன்றத்தின் ஸ்ரீ சீனிவாசன் 1967இல் சண்டிகரில் பிறந்தார். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வளர்ந்தது கன்சாஸின் லாரன்ஸில். 2013 மே மாதம் செனட் 97–0 என்று அவரை ஏற்றது. அமெரிக்கக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போன முதல் தெற்காசிய வம்சாவளியினர் அவர். 2020இல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். இவரை ‘நீதியரசர்’ என்று எழுதாமல் ‘நீதிபதி’ என்றே எழுதலாம். கூட்டரசு நீதிமன்றங்களில் ‘ஜஸ்டிஸ்’ என்ற பட்டம் உச்ச நீதிமன்றத்தாருக்கு மட்டுமே.

அப்புறம் இன்னொரு பொறி: ‘சீனியர் ஜட்ஜ்’. இதை ‘மூத்த நீதிபதி’ என்று எழுதினால், பணிமூப்பில் முன்னால் நிற்பவர் என்று பொருளாகிவிடும். உண்மையில் இவர் முழுநேரப் பொறுப்பை விட்டுக்கொடுத்து, விரும்பும் அளவுக்கு வழக்குக் கேட்பவர். அவர் விட்ட இடத்துக்குப் புதியவர் நியமிக்கப்படுவார். ‘பகுதிப் பணி நீதிபதி’ என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஹேண்ட் 1951இல் அந்த நிலைக்குப் போனார். 1961 ஆகஸ்டில் இறக்கும்வரை பதவியில்தான் இருந்தார்.