சத்தம் எங்கே என்று தெரியாமல் ஷொக் மாற்ற வேண்டாம்

காரின் முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் தொடங்கியதும் பலர் முதலில் விலை கேட்பது ஷொக் அப்சோபருக்குத்தான். ஒரு சோடி ஷொக் மாற்றி, பணத்தையும் கொடுத்துவிட்டு வீதியில் இறங்கினால் முதல் குழியிலேயே அதே சத்தம். சிறிய குழிகளில் வரும் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஷொக்கை விடப் பல மடங்கு மலிவான ஸ்டெபிலைசர் லிங்க் என்ற சிறிய இணைப்புத் தண்டு. இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஒரு நட்டையும் கழற்ற விடாதீர்கள்.

விட்ஸ், வேகன் ஆர், அல்ட்டோ என்று கொழும்பில் ஓடும் சிறிய கார்களின் முன் சில்லு அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே ஷொக்கைப் பொடியோடு பிடிக்கும் மவுண்ட், நடுவே ஸ்பிரிங்கோடு ஷொக், கீழே லோவர் ஆர்ம், ஆர்மின் நுனியில், அதைச் சில்லோடு இணைக்கும் போல் ஜொயின்ட். இரு பக்கத்தையும் இணைக்க ஒரு ஸ்டெபிலைசர் பார். பலவற்றில் அதன் நுனிகளை ஷொக்கோடோ ஆர்மோடோ இணைக்க லிங்க் இருக்கும். பழைய மாருதி 800இல் லிங்க் கிடையாது. பாரின் நுனியே ஆர்முக்குள் புகுந்து, புஷ் எனப்படும் றப்பர் வளையத்தோடு நிற்கும். அந்தப் புஷ் தேய்ந்தால் சத்தத்தோடு, பிரேக் பிடிக்கையில் சில்லும் முன்பின்னாக அசையும்.

முதலில் சஸ்பென்ஷனுக்குச் சம்பந்தமில்லாதவற்றை ஒதுக்குங்கள். டிக்கியில் கிடக்கும் ஜாக்கியையும் ஸ்பெயார் ரயரையும் வெளியே எடுத்துவிட்டு ஓடிப்பாருங்கள். எக்ஸோஸ்ட் தொங்கும் றப்பர்களைப் பாருங்கள். ரயர் காற்றை, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். குழியில் ஓடும்போது பிரேக் பெடலை லேசாக மிதித்ததும் சத்தம் நின்றால், தளர்ந்திருப்பது பிரேக் பாட் அல்லது கலிப்பர் பின். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது ‘டொக்’ என்றால் என்ஜின் மவுண்டைச் சந்தேகியுங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வண்டியை எடுக்கையில் ‘டிக் டிக்’ என்று தொடர்ந்து வந்தால் அது என்ஜின் சுழற்சியைச் சில்லுக்குக் கொண்டுபோகும் தண்டின் சி.வி. ஜொயின்ட்.

இனிக் கவனிக்க வேண்டியது, சத்தம் எப்போது வருகிறது என்பது. மணிக்கு 10–20 கிலோமீற்றரில், ஒட்டுப்போட்ட வீதியில் விடாமல் லொடலொடவென்றால் லிங்க். பெரிய குழியில் மட்டும் ஒரே அடியாக ‘டொம்’ என்றால் ஷொக் அல்லது அது முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டொப். பிரேக் பிடிக்கும்போதும் பின்னுக்கு எடுக்கும்போதும் ஒரு தடவை ‘கடக்’ என்றால் லோவர் ஆர்மின் பின்பக்கப் புஷ். வண்டியை நிறுத்திவைத்து ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளி ‘டங்’ என்றால் மேல் மவுண்டின் பெயாரிங் இறுகியிருக்கிறது, இல்லையேல் ஸ்பிரிங்கே உடைந்திருக்கிறது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றுத் துருப்பிடிக்கும். அங்கே டோர்ச் அடித்துப் பார்ப்பது அவசியம்.

லிங்கை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. வேகத்தடையில் இரு முன் சில்லுகளும் ஒன்றாக ஏறும்படி நேராகப் போங்கள். பிறகு ஒரு சில்லு மட்டும் முதலில் ஏறும்படி சரித்துப் போங்கள். இரு பக்கமும் ஒன்றாக உயர்ந்தால் பார் முறுகாது, லிங்குக்கும் வேலை இல்லை. நேராகப் போகையில் அடங்கிய சத்தம் சரித்துப் போகையில் வந்தால் லிங்கையோ பாரைப் பிடிக்கும் புஷ்சையோ பாருங்கள்.

ஜாக்கியில் ஏற்றிப் பார்க்கும்போது பல இடங்களில் நடக்கும் பிழை, ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி லிங்கை ஆட்டிப் பார்ப்பது. ஒரு சில்லு தொங்கினால் பார் முறுகி லிங்கை இழுத்துப் பிடிக்கும். தேய்ந்த லிங்கும் இறுக்கமாகத் தெரியும். லிங்கைப் பார்க்க இரு சில்லும் தரையில் நிற்க வேண்டும், அல்லது இரண்டும் தொங்க வேண்டும். போல் ஜொயின்டுக்கு முன்பக்கம் ஸ்டாண்டில் நிற்க, சில்லைத் தொங்கவிட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆர்முக்கும், சில்லைத் தாங்கும் நக்கிளுக்கும் இடையில் இரும்புக் கம்பி கொடுத்து நெம்புங்கள். இடம் வலமாக ஆட்டும்போது ஆட்டம் வந்தால் ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் ரொட் என்ட் அல்லது ரக் என்ட். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

போல் ஜொயின்டில் ஆட்டம் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். அது கழன்றால் சில்லு வெளிப்பக்கம் மடிந்து, ஸ்டியரிங் கையில் நிற்காது. பழைய ஜொயின்டைத் திறந்து நைலோன் அடைத்துத் தருவதாக யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வண்டியை உயர்த்தப் போடும் றப்பர்களும் சத்தத்துக்குக் காரணமாகின்றன. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையில் றப்பரைச் செருகினால் ஷொக் எப்போதும் கொஞ்சம் நீண்டபடியே நிற்கும். வேகத்தடையிலிருந்து இறங்கும்போது நீள இடமில்லாமல் உள்ளேயே அடிக்கும். புது ஷொக் போட்டாலும் அந்த அடி நிற்காது. மவுண்டுக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் ஷொக்கின் ஓட்டத்தைக் குறைப்பதில்லை; ஆனால் போல் ஜொயின்டும் சி.வி. ஜொயின்டும் சரிந்த கோணத்தில் வேலை செய்து விரைவில் தேயும்.

லிங்க் மாற்றுவது எளிது. நட்டைக் கழற்றும்போது நடுத்தண்டு சேர்ந்து சுற்றாமல் அலன் கீயால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். லோவர் ஆர்ம் புஷ்சில்தான் கவனம் வேண்டும். சில்லு தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்சின் றப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். சில மாதங்களில் கிழியும். போல்ட்டைக் கையளவில் பூட்டி, வண்டியின் பாரம் சில்லில் இறங்கிய பிறகு, மெனுவலில் உள்ள அளவுக்கு டோர்க் ஸ்பனரால் இறுக்கச் சொல்லுங்கள். றப்பர் புஷ்சுக்கு என்ஜின் ஒயில் பூசுவது அதை ஊதவைத்துக் கெடுக்கும். பாரைப் பிடிக்கும் புஷ் காய்ந்து கீச்சிட்டால் சிலிக்கோன் கிறீஸ் போதும்.

ஷொக் உண்மையிலேயே போயிருந்தால் அதன் உடம்பில் ஒயில் வழிந்திருக்கும், அல்லது வண்டியை அழுத்திவிட்டால் பலமுறை ஆடும். ஷொக்கைச் சோடியாகவே மாற்றுங்கள். மவுண்ட், பெயாரிங், பம்ப் ஸ்டொப் மூன்றையும் அப்போதே பாருங்கள். மேல் நட்டைத் தளர்த்துமுன் ஸ்பிரிங்கைக் கொம்பிரஸரால் இருபுறமும் சமமாக இறுக்கியே ஆக வேண்டும். இல்லையேல் பாயும் ஸ்பிரிங் உயிரையே எடுக்கும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கப் போகுமுன் செசி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மொடலுக்கும் ஆண்டுக்கு ஆண்டு லிங்கின் நீளம் மாறலாம். பாவித்த ஜப்பான் சாமானில் லோவர் ஆர்மை எடுப்பதானால் புஷ் வெடித்திருக்கிறதா, போல் ஜொயின்டின் றப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாவித்த ஷொக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுதாக அழுத்தி இழுங்கள். இடையில் எங்காவது எதிர்ப்பில்லாமல் வழுக்கினால் வாங்காமல் வைத்துவிடுங்கள். வெளிப்புறத்தை ஒயில் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். தண்டு உள்ளே போகும் சீலின் ஓரத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

லோவர் ஆர்ம், ரொட் என்ட், ஷொக் இவற்றில் எதைக் கழற்றினாலும் வீல் எலைன்மன்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ரயரின் ஓரம் தின்றுவிடும். லிங்க் மட்டும் மாற்றினால் தேவையில்லை. அதற்கும் சேர்த்துப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி, கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.