நிலையைச் சட்டகம் ஆக்காதீர்கள்

கதவைத் தாங்கிச் சுவரோடு நிற்கிற மரத்துக்கு என்ன பெயர்? சொந்தமாக வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் சட்டென்று சொல்வார்கள்: நிலை. சில ஊர்களில் வாசக்கால். ஆனால் கொஞ்ச வருடங்களாக என் கண்ணில் படுகிற செய்முறைத் தாள்களிலும் இணையக் கடைகளின் பொருள் விவரங்களிலும் அது 'கதவுச் சட்டகம்' ஆகிவிட்டது. படிக்கும்போதெல்லாம் உறுத்தும், கடந்துபோய்விடுவேன். போன மாதம் அக்கா வீட்டில் நடந்ததற்கு அப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா வீட்டு மொட்டைமாடிக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. காற்றடித்தால் படாரென்று அறையும். அதற்காக, கதவைத் தானாக மெதுவாக மூடவைக்கும் டோர் குளோசர் ஒன்று வாங்கினோம். சுருள்வில்லும் எண்ணெயும் உள்ளே வைத்த ஒரு உலோகப் பெட்டி, அதிலிருந்து மடங்கி நீளும் ஒரு கை, அவ்வளவுதான். பெட்டியைக் கதவிலும் கையை நிலையிலும் மாட்டலாம்; பெட்டியை நிலையிலும் கையைக் கதவிலும் மாட்டலாம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பெட்டி எந்தப் பக்கம் இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்து முறை மாறும். எங்கள் கதவுக்குத் தாள் சொன்னது இரண்டாவது முறை. அதில் இருந்த வாக்கியம் இது: "சாதனத்தின் உடலைக் கதவுச் சட்டகத்தின் மேற்பகுதியில் நான்கு திருகுகள் கொண்டு பொருத்தவும்."

வேலைக்கு வந்திருந்த தம்பிக்குத் தச்சு வேலை நன்றாகத் தெரியும், தமிழும் நன்றாகப் படிப்பார். தாளை இரண்டு தடவை படித்தார். கதவின் மேல்சட்டத்தில் அளவெடுத்து, பென்சிலால் புள்ளி வைத்து, நான்கு துளை போட்டார். தேக்குக் கதவு. பெட்டியை மாட்டிக் கையை விரித்துப் பார்த்தபோதுதான் படத்தில் இருப்பதும் கதவில் இருப்பதும் தலைகீழ் என்று தெரிந்தது. "கதவுச் சட்டம்னுதானே அண்ணே போட்டிருக்கு?" என்றார். முகம் வாடிப்போய்விட்டது. மரத்தூளையும் பசையையும் குழைத்துத் துளைகளை அடைத்தோம். இப்போதும் கிட்டப் போய்ப் பார்த்தால் நான்கு வட்டங்கள் நிறம் மாறித் தெரிகின்றன.

அவர் மேல் தப்பே இல்லை. தச்சு வேலையில் சட்டம் என்பதற்குத் தெளிவான பொருள் உண்டு. பலகைக் கதவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்காக இரண்டு சட்டம், குறுக்காக மூன்றோ நான்கோ சட்டம், அவற்றின் நடுவே காடி என்கிற நீளப் பள்ளத்தில் இறக்கிய பலகைகள். கதவுச் சட்டம் என்றால் கதவுக்குள்ளேயே இருக்கும் இந்த மரங்கள்தான். கதவோடு சேர்ந்து அசைபவை. நிலை அசையாதது. சட்டகம் என்ற சொல்லைக் கேட்டதும் தச்சர் மனசில் வருவது அசையும் பக்கம். மொழிபெயர்ப்பாளர் நினைத்தது அசையாத பக்கம். ஒரு கதவில் இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு என்ன இருக்கிறது?

நிலை என்ற சொல்லின் வேர் எளிது. நில் என்ற வினையிலிருந்து வந்தது; நிற்பது நிலை. நிலைக்கதவு, நிலைப்படி, நிலைக்கால் என்று அதற்கு ஒரு குடும்பமே உண்டு. வாசக்கால் என்பது வாசல்கால். பந்தக்காலில் வருகிற அதே கால், நட்டுவைத்த மரம் என்ற பொருளில். இரண்டும் பொருள் விளங்கும் சொற்கள், இரண்டையும் தாராளமாக எழுதலாம்.

இதெல்லாம் பேச்சுவழக்கு, எழுத்துக்கு ஒரு பொதுச்சொல் வேண்டாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பேச்சுவழக்கா? பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனை வாசலை நக்கீரர் வர்ணிக்கிறார். இரும்பால் பிணித்து அரக்குப் பூசிய இரட்டைக் கதவு, தாழ், கைதேர்ந்த கம்மியன் இடைவெளி இல்லாமல் முடுக்கிய பொருத்து என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து இப்படி முடிக்கிறார்: "ஐயவி அப்பிய நெய்யணி நெடுநிலை". ஐயவி என்றால் வெண்சிறுகடுகு. கடுகை அப்பி நெய் பூசிய உயரமான நிலை. அதே பகுதியில், நாளின் பெயர் கொண்ட மரம் என்று ஒன்று வருகிறது. உத்தரம் என்கிற நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லாமல் சொல்லி, நிலைக்கு மேலே கிடக்கும் உத்தரக் கட்டையைக் காட்டுகிறார். உத்தரமும் நிலையும் தாழும் இன்றைக்கும் கட்டட வேலை நடக்கிற இடத்தில் காதில் விழும் சொற்கள். அன்றைக்குக் கடுகும் நெய்யும் பூசினார்கள். இன்றைக்கு நிலை வைக்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் காசும் போடுகிறோம். பொருளும் பெயரும் சடங்கும் சேர்ந்தே வந்திருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறந்தாலும் நிலை என்ற சொல்லுக்குக் கதவுநிலை என்ற பொருள் இருக்கிறது. இத்தனை இருந்தும் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு அது கிடைக்கவில்லை என்றால், அவர் தேடவில்லை என்றுதான் அர்த்தம்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல வாதமும் உண்டு, அதை நான் ஒதுக்கவில்லை. நிலை என்ற சொல்லுக்குப் பொருள்கள் அதிகம். உடல்நிலை, வானிலை, பொருளாதார நிலை எல்லாம் நிலைதான். செல்போனிலிருந்தே திறக்கும் பூட்டுகள் வந்துவிட்டன. அவற்றின் திரையில் 'கதவு நிலை: மூடியுள்ளது' என்று வரலாம். அங்கே நிலை என்பது மரமில்லை, கதவு எப்படி இருக்கிறது என்ற தகவல். ஒரே செயலியில் இரண்டும் வந்தால் குழம்பாதா என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயம், ஆனால் தீர்வு சட்டகம் இல்லை. முதலில், 'கதவு நிலை: மூடியுள்ளது' என்பதே தேவையில்லாத வாக்கியம். 'கதவு மூடியிருக்கிறது' என்று எழுதினால் முடிந்தது. நாம் பேசும்போது ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்ல 'நிலை' என்று தலைப்புப் போட்டுப் பேசுவதில்லை. இரண்டாவது, பல பொருள் இருப்பது ஒரு சொல்லை விலக்கக் காரணமாகாது. படி என்றால் ஏறும் படி, அளக்கும் படி, நகல், சம்பளத்தோடு வரும் படி. கால் என்றால் உறுப்பு, கால் பங்கு, தூண். இவற்றை யாரும் மாற்றச் சொல்வதில்லை. 'நிலைப்படியில் உட்காராதே' என்று அம்மா அதட்டும்போது எந்தக் குழந்தையும் எந்தப் படி என்று கேட்பதில்லை. மூன்றாவது, அவ்வளவு பயமாக இருந்தால் நிலைக்கால் என்று எழுதுங்கள், வாசக்கால் என்று எழுதுங்கள். அவற்றுக்கு வேறு பொருளே கிடையாது.

உண்மையான காரணம் குழப்பம் பற்றிய பயம் இல்லை, சொற்பட்டியல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் பிரேம் என்று ஒரே சொல் இருந்தால் தமிழிலும் எல்லா இடத்துக்கும் ஒரே சொல்தான் வரவேண்டும் என்று யாரோ ஒரு விதி வைத்துவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரையில் கோட்பாட்டுச் சட்டகம் வருகிறது, திரைப்படக் கட்டுரையில் காட்சிச் சட்டகம் வருகிறது. ஆகவே கதவுக்கும் சட்டகம். கட்டுரைகளில் அது நன்றாகவே பொருந்துகிறது, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் தமிழ் இந்தப் பொருள்களை அப்படி ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டும் படத்தைச் சுற்றி இருப்பது சட்டம். மூக்குக்கண்ணாடிக்கும் சைக்கிளுக்கும் பிரேம். வாசலில் நிற்பது நிலை. ஆங்கிலம் ஒரே பையில் போட்டுவைத்திருப்பதைத் தமிழ் செய்யும் வேலையைப் பார்த்துத் தனித்தனியாகப் பெயரிட்டிருக்கிறது. அந்த நுட்பத்தை அழித்துவிட்டுச் சீர்மை என்று பெயர் வைப்பது சரியில்லை.

இதைத் தூய தமிழ்ச் சண்டை என்று நினைக்க வேண்டாம். சாவி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது, ஜன்னலும் அப்படித்தான். இரண்டையும் நான் தினமும் சொல்கிறேன். இலங்கையில் சாவியைத் திறப்பு என்கிறார்கள். அழகான சொல், அங்கே அது உயிரோடு இருக்கிறது. அலுமினியக் கதவு மாட்டுகிறவர் பிரேம் என்று சொன்னால் அதையும் ஒத்துக்கொள்வேன், ஏனென்றால் கேட்கிறவருக்குப் புரிகிறது. சட்டகத்தைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அது தச்சருக்கும் புரியவில்லை, வீட்டுக்காரருக்கும் புரியவில்லை.

நிலையோடு இது நிற்கவும் இல்லை. பூட்டு, தாழ் விஷயத்திலும் இதே கதை. பூட்டின் நாக்கு வெளியே வந்து நிலையில் உள்ள ஒரு தகட்டின் துளைக்குள் போய் உட்காரும் இல்லையா, அந்தத் தகட்டைத் 'தாக்குத் தகடு' என்று எழுதியிருக்கிறார்கள். யார் யாரைத் தாக்குகிறார்கள்? நமக்கு நாதாங்கி என்ற சொல் இருக்கிறது. நா என்றால் நாக்கு, அதைத் தாங்குவது நாதாங்கி. பழைய கதவுகளில் கொண்டியை மாட்டுகிற இரும்பு வளையத்துக்கு அந்தப் பெயர். சில வீடுகளில் கொண்டியையே அப்படிச் சொல்வார்கள். வளையம் போய்த் தகடு வந்தாலும் வேலை அதேதான். சொல்லைப் படித்தாலே அது என்ன செய்கிறது என்று தெரிகிறது. தாழ்ப்பாளைத் 'தாள்ப்பாள்' என்று அச்சடிக்கிறவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு ழகரத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிடுகிறோம்.

கீல் மட்டும் எப்படியோ தப்பித்திருக்கிறது. கீல்வாதம் என்று மூட்டுவலியிலும் அதுவே வருவதால் ஆளுக்கு ஆள் தெரிந்த சொல்லாகிவிட்டது. அதற்கு முந்தைய குடுமி போய்க்கொண்டிருக்கிறது. பழைய கோயில் கதவுகளில் கீல் இருக்காது. கதவு மரமே மேலும் கீழும் முளைபோல நீண்டு குழிக்குள் சுழலும். அந்த முளைதான் குடுமி. கோயில் வாசலில் கீழே குனிந்து பார்த்தால் கல்லில் தேய்ந்த குழி தெரியும். அந்த மாதிரிக் கதவு செய்வது அபூர்வமாகிவிட்டதால் சொல்லும் ஒதுங்குகிறது. அது இயல்பு, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நிலை அப்படி இல்லை. இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் நிற்கிறது, ஒவ்வொரு மரக்கடையிலும் 'அஞ்சுக்கு மூணு நிலை' என்று விலை கேட்கிறார்கள். பொருளும் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது. தாளில் மட்டும் இல்லை.

செய்முறைத் தாள் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு தச்சரிடம் கொடுத்து, கதவில் எந்த இடம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். அவர் விரல் வேறு இடத்துக்குப் போனால் சொல்லை மாற்றுங்கள். அக்கா வீட்டுத் தாளில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம் இதுதான்: "பெட்டியை நிலையின் மேல்மரத்தில் நான்கு திருகு போட்டு மாட்டுங்கள், கையைக் கதவில் மாட்டுங்கள்."